தண்ணீர்க் கணக்கு: நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் உடலின் நீர்ச் சமநிலையும்

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் விடிவதற்கு முன் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருப்பவர்களில் ஆஸ்பத்திரிக்காரர்கள் யார் என்று பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜவுளிக்கடைப் பை, உள்ளே ஃபைல், ஸ்கேன் உறை, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில். சித்திரை மாதத்தில் ஒருநாள் அப்படி இரண்டு பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம், ஏழு வயதுப் பையனை மடியில் சாய்த்திருந்த தாய். பையனின் இமைகள் தேனீ கொட்டியதுபோல் வீங்கியிருந்தன. மறுபக்கம், முகக்கவசம் போட்ட ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்து இரண்டு வருடம் ஆகிறதாம். அவர் கையில் இரண்டு லிட்டர் பாட்டில். அந்த அம்மாவிடம் இருந்தது ஒரு லிட்டர் பாட்டில். முக்கால் அளவில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தது.

"இவனுக்கு இந்தக் கோடுதான் கணக்கு தம்பி. மோரு, பாலு, ரசம் எல்லாம் இதுக்குள்ளயே அடங்கணும். உனக்கு எம்மாம் சொல்லியிருக்காங்க?"

"மூணு லிட்டர்க்கா. குறையவே கூடாதுன்னுட்டாங்க."

பேச்சு மாத்திரைக்குப் போயிற்று. அட்டைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பையிலும் ஒரு மாத்திரை பொது: பிரெட்னிசலோன். ஒரே மாத்திரை தின்கிற இரண்டு பேரில் ஒருவர் குடித்தே ஆகவேண்டும், இன்னொருவர் குடிக்கவே கூடாது என்றால் எதை நம்புவது என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியதுதான்.

நம் ஊர் மருத்துவச் சீட்டுகளில் அதிகம் எழுதப்படும் அறிவுரை எது என்று எண்ணினால் "நிறையத் தண்ணீர் குடிக்கவும்" என்பது முன்வரிசையில் வரும். சாதாரணக் காய்ச்சலுக்கு அது போதும். நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளைத் தின்கிறவர்களுக்குப் போதாது. சில நாட்களில், சில மருந்துகளோடு, அது ஆபத்தாகவும் முடியும்.

உடலின் நீர் நிர்வாகத்தை ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் திரும்பவும் ரத்தத்துக்கே விடுகின்றன. இதில் இரண்டு தனித்தனிக் காவல்கள் உண்டு. ஒன்று உப்பின் காவல்: அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்துவைக்கும், உப்பு நிற்கிற இடத்தில் தண்ணீரும் நிற்கும். அதனால் உடம்பின் மொத்த நீர்மட்டம் ஏறும். கால் வீங்கும், ரத்த அழுத்தம் கூடும். மற்றது வெறும் தண்ணீரின் காவல்: மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் என்ற ஹார்மோன், சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதியில் அக்வாபோரின் என்ற நுண்மதகுகளைத் திறந்து தண்ணீரை மட்டும் திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்த மதகுகளைக் கண்டறிந்ததற்குத்தான் பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது காவல் தவறினால் உடம்பு வீங்காது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய சோடியம் 125, 120 என்று இறங்கும். "சோடியம் இறங்கிப்போச்சு" என்று வார்டுகளில் சொல்வது இதைத்தான். பெயர் சோடியம் என்றாலும் பெரும்பாலும் இது தண்ணீர் கூடிய நோய். பலர் உப்பு குறைந்த நோய் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம்.

இனி மருந்துகளுக்கு வருவோம். ஸ்டீராய்டில் தொடங்குவதே முறை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் கொடுத்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது. கூடவே வீக்கமும், ரத்த அழுத்தமும், ஊதிய முகமும் வந்தன. அட்ரினல் சுரப்பி செய்யும் கார்ட்டிசாலுக்கு உப்பைப் பிடித்துவைக்கும் குணம் கொஞ்சம் உண்டு. அதன் வழிவந்த பிரெட்னிசலோனுக்கு அதே அளவு எதிர்ப்புத் தணிப்புக்கு அந்தக் குணம் குறைவு, மெதில்பிரெட்னிசலோனுக்கு இன்னும் குறைவு, டெக்சாமெத்தசோனுக்கு ஏறக்குறைய இல்லை. ஆகவே "ஸ்டீராய்டு என்றால் நீர் கோத்துக்கொள்ளும்" என்பது எல்லா ஸ்டீராய்டுக்கும் ஒரே அளவில் பொருந்தாது.

முகம் ஊதியதெல்லாம் நீரும் அல்ல. சோதிக்க எளிய வழி கட்டைவிரல். முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் மேல் விரலை வைத்துப் பத்து விநாடி அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி நின்றால் அது நீர். குழியே விழாமல் கன்னமும் பிடரியும் மட்டும் உருண்டிருந்தால் அது ஸ்டீராய்டு இடம்மாற்றிய கொழுப்பு. இதற்கு நீர்மாத்திரை போட்டால் முகம் வற்றாது, உடம்புதான் வற்றும்.

இங்கே ஒரு நாட்டுமருந்துக் கிளைக்கதை. தொண்டைக்கட்டுக்கு அதிமதுரம் சுவைப்பது நம் வீடுகளில் உள்ள பழக்கம், நானும் செய்பவன்தான். சிறுநீரகச் செல்களில் ஒரு நொதி காவல் நின்று, கார்ட்டிசால் உப்பு மதகைத் தொட்டுவிடாமல் அதைச் செயலிழக்கச் செய்கிறது. அதிமதுரத்தின் இனிப்புப் பொருளான கிளைசிரைசின் அந்தக் காவலாளையே தூங்கவைத்துவிடும். தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் உப்பு தங்கும், பொட்டாசியம் கழியும், அழுத்தம் ஏறும். ஸ்டீராய்டு தின்கிறவர் கஷாயத்தில் தினமும் அதிமதுரம் சேர்த்துக்கொண்டால் ஒரே வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்வதாகிவிடும்.

அப்படியானால் அந்தப் பையனுக்கு ஏன் ஸ்டீராய்டு? அவனுக்கு இருப்பது நெஃப்ராட்டிக் நோய். சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகி, ரத்தத்தின் ஆல்புமின் புரதம் சிறுநீரில் போய்விடுகிறது. சிறுநீரகமும் உப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நீர் ரத்தக்குழாயில் நிற்காமல் திசுக்களில் இறங்குகிறது. காலையில் இமையில் வீக்கம், பகலெல்லாம் ஓடியாடியபின் மாலையில் காலில் வீக்கம். முதல் தடவைக்கு இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்களின் வழிகாட்டுதல், எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் பிரெட்னிசலோன் ஆறு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரை மில்லிகிராம் ஆறு வாரம். உப்பைப் பிடித்துவைக்கும் குணமுள்ள இந்த மருந்து, ஓட்டையை அடைத்துவிடுவதால், ஒன்றிரண்டு வாரத்தில் தேங்கிய நீரையெல்லாம் திறந்துவிடுகிறது. பிள்ளை மடைதிறந்ததுபோல் சிறுநீர் கழித்து, சில நாளில் இரண்டு மூன்று கிலோ இறங்கும். மருந்தின் குணத்தை விட நோயின் கை ஓங்கியிருக்கும் இடம் இது. புரதம் போகிறவரை உப்பைக் கட்டுப்படுத்துவதுதான் முதல் வேலை. வீக்கம் மிகுதியாக இருந்தால் மட்டும் தண்ணீருக்குக் கோடு.

ஸ்டீராய்டு நீரை இன்னொரு வழியிலும் ஆட்டும். சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை சிறுநீரில் வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நாக்கு வறளும், இரவில் நாலைந்து தடவை எழவேண்டியிருக்கும். "மாத்திரை சூடு" என்று சொல்லி இளநீரும் பழச்சாறும் குடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சர்க்கரைப் பரிசோதனையோடு முடிகிற விஷயம். எல்லாவற்றிலும் மோசமானது, பல மாதம் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்துவது. அட்ரினல் சுரப்பி அதற்குள் வேலையை மறந்திருக்கும். கார்ட்டிசால் இல்லாதபோது வாசோபிரசினுக்குக் கடிவாளம் இல்லை. தண்ணீர் வெளியேறாமல் தேங்கி சோடியம் இறங்கும், அழுத்தம் விழும், ஆள் துவண்டுபோவார். மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத பொடியும் உருண்டையும் வாங்கித் தின்று, அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதே தெரியாமல், "சரியாப்போச்சு" என்று நிறுத்துபவர்களுக்கும் இதே கதி.

அடுத்தது மாற்று உறுப்புக்காரர்களின் மருந்து. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தபோது கையில் இருந்தவை பிரெட்னிசலோனும் அசத்தியோபிரினும்தான். அசத்தியோபிரின் நீர்க்கணக்கில் பெரும்பாலும் தலையிடாத சாது. ஆட்டத்தை மாற்றியது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் எடுத்த மண்ணின் பூஞ்சையிலிருந்து கிடைத்தது. 1972-இல் சாண்டோஸ் நிறுவனத்தில் அதன் எதிர்ப்புத் தணிக்கும் குணம் தெரியவந்தது. 1984-இல் ஜப்பானின் சுகுபா மலையடி மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ். 2008-இல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்ததற்குப் பிறகு தமிழ்நாட்டில் மூளைச்சாவு உறுப்புதானம் வேகம் பிடித்தது. இன்று இங்கே மாற்று உறுப்போடு வாழ்பவர்களில் பெரும்பாலானோரின் டப்பாவில் 'டாக்ரோ' இருக்கும்.

டாக்ரோவும் சைக்ளோஸ்போரினும் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயைச் சுருக்குகின்றன; வாய்க்கால் தலைப்பிலேயே பலகையைப் பாதி இறக்கியதுபோல. கூடவே உப்பைத் திரும்ப இழுக்கும் ஒரு கடத்தியை முடுக்கிவிடுகின்றன என்று 2011-இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. தயசைடு வகை நீர்மாத்திரை அடைப்பது அதே கடத்தியைத்தான். எனவே டாக்ரோவால் ஏறிய அழுத்தத்துக்குப் பழைய, மலிவான அந்த மாத்திரை கேட்பது ஆச்சரியமில்லை. உப்பு தங்கும்போது பொட்டாசியமும் வெளியேறாமல் தங்குகிறது. மக்னீசியம் மட்டும் கழிந்துபோகிறது.

நம் பக்கத்தில் இது வெயில்காலத்தில்தான் வெளிப்படும். கள்ளக்குறிச்சி சமவெளியில் கரும்பு வெட்டி வந்தவருக்கும், மரவள்ளி பிடுங்கி வந்தவருக்கும் கையில் கொடுப்பது இளநீர். ஒரு காயில் அரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும். நல்ல சிறுநீரகம் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாது. டாக்ரோ தின்கிற, கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) சற்றே ஏறிய ஒருவர், வாடிய உடம்போடு இரண்டு மூன்று காய் குடித்தால் பொட்டாசியம் இதயத்தைத் தொடும் அளவுக்குப் போகலாம். மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு மூன்று லிட்டர் என்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர்க் கணக்கு. பம்ளிமாஸ் பழமும் அவருக்கு ஆகாது. அது டாக்ரோ உடம்பில் உடைபடுவதைத் தடுத்து அளவை ஏற்றிவிடும்.

அவருக்கு ஏன் மூன்று லிட்டர்? டயாலிசிஸ் காலத்தில் நாளுக்கு அரை லிட்டரோடு, எவ்வளவு சிறுநீர் போகிறதோ அவ்வளவு என்று அளந்து குடித்தவர். ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு கோடையைத் தள்ளியவர். அறுவை முடிந்த அன்றே புதுச் சிறுநீரகம் லிட்டர் லிட்டராகக் கொட்ட, போனதை மணிக்கொரு முறை அளந்து அவ்வளவையும் டிரிப்ஸில் ஈடுகட்டினார்கள். பயந்து பயந்து குடித்தவர் ஒரே வாரத்தில் குடிக்கப் பழகவேண்டும். பலருக்கு மாத்திரையைவிட இதுதான் கடினம். இவரிடம் வேலை செய்வது ஒரே சிறுநீரகம். அதன் தலைவாய்க்கால் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. உடம்பு வற்றினால் நேரே கிரியேட்டினின் ஏறும். அந்த நேரத்தில் மூட்டுவலி என்று ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டால் மிச்சமிருக்கும் வழியும் அடைபடும்.

வயிற்றுப்போக்கு வந்தால் இன்னும் சிக்கல். மாற்று உறுப்புக்காரர்களின் மூன்றாவது மருந்து மைக்கோஃபினோலேட். இதன் மூலப்பொருளை 1893-இல் இத்தாலியில் பார்த்தொலொமியோ கோசியோ கண்டெடுத்தது பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை ஆராயும்போது. மக்காச்சோளம் காய்கிற களங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சுவாரசியமான தகவல். இந்த மருந்துக்கு வயிற்றைக் கலக்கும் குணம் உண்டு. பேதியில் மருந்தும் சேர்ந்து போய்விடும், டாக்ரோ குறைந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. குடல் சுவரில் டாக்ரோவை உடைக்கிற, திருப்பித் தள்ளுகிற ஏற்பாடு பேதியில் பழுதாகி, மருந்து வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறுகிறது. ஒருபக்கம் உடம்பு வற்றுகிறது, மறுபக்கம் சிறுநீரகத்தைச் சுருக்கும் மருந்து கூடுகிறது. ஆகவே பேதி என்றால் ஓஆர்எஸ் கரைசலோடு நிறுத்தாமல் கிரியேட்டினினும் டாக்ரோ லெவலும் பார்க்கவேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் உப்பின் காவல் பற்றியது. தண்ணீரின் காவலை நேரடியாகக் குலைப்பது சைக்ளோஃபாஸ்பமைடு. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் கவலை தருவது இதுதான். அதிகம் பேசப்படாததும் இதுதான். லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தாக்கிய இளம்பெண்களுக்கும், வேறு சில சிறுநீரக அழற்சிகளுக்கும் இதைச் சொட்டுமருந்தாக ஏற்றுகிறார்கள். உடம்பில் இது உடையும்போது அக்ரோலின் என்ற கழிவு உண்டாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை அரிக்கும், ரத்தமாகப் போகும். அதைத் தடுக்க மெஸ்னா என்ற மருந்தும், "இன்றைக்கு நிறையத் தண்ணீர் குடி" என்ற அறிவுரையும். அறிவுரை சரிதான். ஆனால் இதே மருந்து, ஏற்றிய நான்கு முதல் பன்னிரண்டு மணிநேரத்துக்குள், சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றும் திறனைத் தற்காலிகமாகக் கெடுத்துவிடக்கூடும். 1973-இல் அமெரிக்காவில் ரால்ஃப் டிஃப்ரான்சோவும் குழுவினரும், இந்த மருந்துக்குப் பின் நோயாளிகள் நீர்நச்சுக்கு ஆளானதைப் பதிவுசெய்தார்கள். வாசோபிரசின் கூடாமலேயே, மருந்தின் கூறுகள் குழாய்களின் மதகுகளை நேரடியாகத் திறந்துவிடுகின்றன என்பது பிற்கால ஆய்வுகளின் போக்கு. பெரும்பாலும் ஒருநாளில் தானே சரியாகிவிடும். அந்த ஒருநாளில்தான் அவரை மளமளவென்று குடிக்கச் சொல்கிறோம்.

இதை ஊர்த் தொலைவோடு சேர்த்துப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரோ சென்னையோ வேலூரோ, எங்கே போனாலும் சங்கராபுரத்துக்காரருக்கு நூறு கிலோமீட்டர் அளவுக்கோ மேலோ பயணம். காலையில் மருந்து ஏற்றி மாலையில் அனுப்பினால், தண்ணீர் தேங்கும் நேரம் சரியாகப் பேருந்திலும் வீட்டிலும் வரும். இரவு பத்து மணிக்குத் தலைவலி, குமட்டல், வாந்தி. சைக்ளோஃபாஸ்பமைடே குமட்டும் மருந்துதான்; ஆகவே யாரும் சந்தேகப்படமாட்டார்கள். "வாந்தி எடுத்துத் துவண்டு போச்சு" என்று பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப்போனால் நடக்கிற முதல் காரியம் ஒரு பாட்டில் குளுக்கோஸ். ஐந்து சதவீத குளுக்கோஸில் உள்ள சர்க்கரையை உடம்பு எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஏற்கெனவே நீர்த்த ரத்தத்தில் இன்னும் அரை லிட்டர். பேச்சு குழறி, வலிப்பு வந்தால் அது மருந்தின் குற்றம் மட்டும் அல்ல. சோடியத்தைத் திரும்ப ஏற்றுவதிலும் அவசரம் கூடாது; ஒருநாளில் எட்டு பத்து மில்லிமோலுக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் பழுதாகக்கூடும்.

இதற்கு வழி தண்ணீரை நிறுத்துவதல்ல. உப்பு கலந்த நார்மல் சலைன் எவ்வளவு ஏற்றுவது, வீட்டில் எவ்வளவு குடிப்பது, எத்தனை மணிவரை என்று அளவு எழுதிக் கொடுப்பது. "நிறைய" என்பது அளவு அல்ல. நீர்மாத்திரை தின்கிறவர், முதியவர், முன்பே சோடியம் குறைந்தவர் என்றால் மறுநாள் ஒரு ரத்தப் பரிசோதனை. சீட்டின் ஓரத்தில் "வாந்தியோடு குழப்பம் இருந்தால் சோடியம் பார்க்கவும், குளுக்கோஸ் மட்டும் ஏற்றவேண்டாம்" என்று ஒரு வரி இருந்தால், அந்த இரவில் பார்க்கிற மருத்துவருக்கு அது பெரிய உதவி.

மெத்தோட்ரெக்சேட்டில் கதை தலைகீழ்: அங்கே மருந்து தண்ணீரை ஆட்டுவதில்லை, தண்ணீர் மருந்தை ஆட்டுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தொடங்கிவைத்த ஃபோலிக் அமில எதிர்மருந்துகளின் வழியில் வந்தது இது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும். வெளியேறும் வழி சிறுநீரகம். பேதியிலோ வெயிலிலோ உடம்பு வற்றிய வாரத்தில் அதே மாத்திரை உடம்பில் தங்கி வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும்.

கடைசியாக, மாற்று உறுப்புக்காரர்களில் சிலருக்குத் தரப்படும் சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்த இது கால் வீக்கத்தைத் தரும், சிறுநீரில் புரதத்தையும் கசியவிடும்.

ஆக, அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில், மாத்திரையின் பெயரில் மட்டும் இல்லை. எந்த நோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், சிகிச்சையின் எத்தனையாவது நாள், வெளியே என்ன வெயில் என்பதைச் சேர்த்துத்தான் தண்ணீர்க் கணக்கு போடமுடியும். அந்த வாலிபர் தின்பது 5 மில்லிகிராம், பையன் தின்பது 40. வெள்ளிமலையிலிருந்தும் கல்வராயன் மலையின் உள்ளூர்களிலிருந்தும் சோடியம் பார்க்க ஒருவர் மலையிறங்கவேண்டும். ஆய்வகம் தொலைவில் இருக்கும் இடத்தில் மிகச் சிறந்த கருவி எடைமெஷின்தான் என்பது என் கருத்து. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மெஷினில் பார்த்த எடை. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ இறங்கினாலோ அது சதையல்ல, ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். நெஃப்ராட்டிக் பிள்ளைகளின் வீடுகளில் இந்தக் கணக்கு நடக்கிறது: காலைச் சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்த்து, புரதம் எத்தனை பிளஸ் என்று நோட்டில் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடம் போகாத தாய்மார்கூட மூத்த பிள்ளையைவிட்டு எழுதவைக்கிறார்கள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் நோய் திரும்பிவிட்டது. அந்த நோட்டு சில நேரம் வார்டில் இருக்கிற கேஸ்ஷீட்டைவிட ஒழுங்காக இருக்கும்.

பன்னிரண்டு நாள் கழித்து அதே அம்மாவைச் சங்கராபுரம் கடைத்தெருவில் பார்த்தேன். பையன் நடந்தே வந்தான். இமைகள் வற்றி, கன்னம் மட்டும் உருண்டிருந்தது.

"மூணு கிலோ எறங்கிட்டான்ண்ணா. ராத்திரில மூணு தடவ எழுந்து போறான், தூக்கமே இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே. பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். கறுப்புக் கோட்டை நெயில்பாலிஷ் அழிக்கிற திரவத்தால் துடைத்திருந்தார்கள்; தழும்பு மட்டும் தெரிந்தது. "தண்ணிக்கு இப்ப கோடு வேணாம்னுட்டாங்க. உப்புக்கு மட்டும் இன்னும் கோடு இருக்கு."

பையன் பாட்டிலைப் பிடுங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடகடவென்று குடித்தான்.